காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே ஒரு போலரைசிங் ஃபில்டருடன்

இந்தப் பதிவில் எழுத நினைத்திருப்பவை:

1. நோர்வூட் போன காரணமும் வழியும்
2. தேயிலை மலையில் போலரைசிங் ஃபில்டரைப் பயன்படுத்தும் விதம்
3. தண்ணீர் இருக்கும் படத்துக்கு அதைக் கழற்றவே கூடாது என்பது
4. அதைச் சுத்தம் செய்யும் முறை

எண் போட்டுக்கொள்ளாவிட்டால் எனக்கு எழுத ஓடாது, அதனால் கிளம்பும் முன்பே போட்டுவைத்த பட்டியல் இது. வரிசை மாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹட்டன் பக்கம் மார்ச்சில் மழை குறைவு, காலை வானம் தெளிவாக இருக்கும் என்று கேள்விப்பட்டு, இந்த வருடம் அந்த மாத முதல் வாரத்தில் கிளம்பினேன். நில அளவை வரைபடங்களோடு வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். கேமரா வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு பஸ்ஸில் ஐந்து மணி நேரம். அங்கிருந்து நோர்வூட்டைத் தாண்டி, காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே இருக்கும் வீட்டுக்கு ஆட்டோவில் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஆட்டோ ஓட்டிய ரவியேதான் வீட்டுக்காரர். அவரும் மனைவி யோகாவும் மாடியில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். காலைச் சாப்பாட்டோடு ஓர் இரவுக்கு ஐயாயிரம். ரொட்டிக்கு யோகா அரைக்கும் காரத் துவையலான கட்டச் சம்பலுக்காகவே இன்னொரு முறை போகலாம்.

போலரைசிங் ஃபில்டர் என்பது லென்ஸின் முன்னால் திருகிப் பொருத்தும் கண்ணாடி. அதன் முன் வளையத்தைத் திருப்பத் திருப்ப, பொருள்களின் மேலுள்ள பளபளப்பு குறைந்துகொண்டே வரும். பனி உலராத தேயிலை இலை வெயிலில் வெள்ளையாக மின்னும், பச்சை தெரியாது. சூரியன் தோளுக்குப் பக்கவாட்டில் இருக்கும்படி நின்று, வளையத்தை மெதுவாகத் திருப்பினேன். வெள்ளை விலகி, மலை முழுவதும் கொழுந்தின் இளம்பச்சையும் முற்றிய இலையின் கரும்பச்சையும் தனித்தனியாக எழுந்து வந்தன. இடையில் கவ்வாத்து வெட்டிய ஒரு சரிவு வெறும் கிளைகளாக, சாம்பல் நிறத்தில் கிடந்தது. இத்தனை பச்சைகளை நான் எந்த வரைபடத்திலும் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் படமே எடுக்காமல் வளையத்தைத் திருப்பிக்கொண்டு மட்டும் நின்றேன்.

இரண்டாம் நாள் மாலை ரவி தயங்கித் தயங்கி ஓர் உதவி கேட்டார். அறைகளை இணையத்தில் போட்டு நான்கு மாதமாகியும் என்னைத் தவிர ஆள் வரவில்லை. அவருடைய போன் படங்களில் எல்லாமே வெளிறிக் கிடந்தன. வீட்டிலிருந்து தெரியும் காட்சியை நான் ஒரு படம் எடுத்துக் கொடுக்க முடியுமா என்றார். நானே இன்னும் கற்றுக்குட்டி, வேறு ஆள் பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் யோகா சொன்னார்:

"இந்த சீசன்லயும் ஆள் வரலன்னா இவரு மறுபடி கொழும்புக்குக் கடை வேலைக்குப் போயிருவாரு சேர். புள்ள இப்பதான் அப்பான்னு கிட்ட வருது."

சரி என்று சொல்லிவிட்டு அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வெளிச்சம் அருமையாக இருந்தது. கதகதப்பான அறையிலிருந்து கேமராவை நேராகக் குளிரில் எடுத்து வந்தது என் தவறு. ஃபில்டருக்கும் லென்ஸுக்கும் நடுவில் ஈரம் படர்ந்துவிட்டது. வெளியே துடைத்துப் பயனில்லை, கழற்றத்தான் வேண்டும். விழுந்துவிடும் என்ற பயத்தில் நான் அதை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தேன். எவ்வளவு முயன்றும் அசையவில்லை.

"வந்த எடத்துலயே தங்கிட்ட மருமகன் மாதிரி ஒக்காந்திருக்கு சேர்," என்றார் ரவி. பிறகு, ஆட்டோவில் சாமான் கட்டும் ட்யூப் ரப்பர் துண்டைக் கொண்டுவந்தார். அதை ஃபில்டரின் பின் வளையத்தைச் சுற்றிக் கட்டி, விரலால் நசுக்காமல் உள்ளங்கையால் திருப்பினேன். கழன்றது.

முதலில் காற்றுப் பம்பால் தூசியை ஊதினேன். அதன் பிறகே துணி. லென்ஸ் துடைக்கும் திரவத்தைக் கண்ணாடியில் விடாமல் துணியில் ஒரு சொட்டு விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டமாகத் துடைக்க வேண்டும். கண்ணாடியில் விட்டால் வளையத்துக்குள் இறங்கிவிடும். சட்டை நுனி வேண்டவே வேண்டாம். ஃபில்டர் உலரும்வரை, வெளிச்சம் பார்ப்பதற்காக அது இல்லாமலே ஒரு படம் எடுத்தேன். பிறகு அதை மாட்டிப் பதினொரு படங்கள். ஒன்பது மணிக்குள் மூடுபனி ஏறி, எல்லாவற்றையும் மூடிவிட்டது.

யோகா கேமராத் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இலை பச்சை, வானம் நீலம். எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

"நல்லாருக்கு சேர். ஆனா தண்ணி எங்க? அடியில சேறு தெரியுது. டேம் வத்திக் கெடக்குன்னு நெனச்சிக்குவாங்களே."

உண்மைதான். நீர்ப்பரப்பின் பளபளப்போடு எதிர்மலையின் பிம்பத்தையும் ஃபில்டர் துடைத்தெடுத்திருந்தது. யோகா பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போய், நான் வெளிச்சம் பார்க்க எடுத்த படத்தில் நின்றார். அதில் இலைகள் கொஞ்சம் வெளிறியிருந்தன. ஆனால் நீர்த்தேக்கம் நிறைந்து, மலை முழுவதும் அதில் தலைகீழாக இறங்கியிருந்தது.

"இதத்தான் போடணும்," என்றார். ரவியும் தலையசைத்தார்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: காலை ஒன்பதுக்குள் படத்தை முடித்துவிடுங்கள். குளிரில் இறங்குமுன் கேமராவைப் பைக்குள்ளேயே அரை மணி நேரம் வாசலில் வையுங்கள். ஃபில்டரை மென்மையாகவே திருகுங்கள்.

மூன்று வாரம் கழித்து ரவி போன் செய்தார். சித்திரைப் புத்தாண்டு வாரத்துக்கு இரண்டு அறையும் போய்விட்டதாம். கேட்டவர்கள் எல்லாரும், மலை தண்ணிக்குள்ள தெரியுற அறைதான் வேணும் என்கிறார்களாம். தண்ணீர் இருக்கும் படத்துக்கு ஃபில்டரைக் கழற்றவே கூடாது என்று மேலே மூன்றாவதாக எழுதியிருப்பது பிழை.