கூப்பிடு தூரம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அந்த வட்டலில் சோறு போட்டவள் நான். கழுவியவளும் நான்.

அன்று காலை என் வீட்டுக்காரர் செங்கோடன் கம்மங்கூழை ஒரு வாய் குடித்துவிட்டு, "சப்புன்னு இருக்குது அம்மணி, இன்னொரு கல்லு உப்புப் போடு" என்றார். போட்டேன். குடித்தார். மில்லுக்குப் போனார்.

கொச்சி ராஜ்ஜியத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பீளமேட்டுக்கு நாங்கள் குடிவந்தது 1936இல். அதற்கு முன் அவர் இங்கே பத்துப் பேரோடு ஓர் அறையில் கிடந்து, மாதம் ஒருமுறை எல்லை தாண்டி ஊருக்கு வருவார். மேஸ்திரி பொங்கியண்ணன்தான் சொன்னார்: "மில்லுக்குக் கூப்பிடு தூரத்துல ஊடு இருக்குது. மத்தியானம் சுடுசோறு உங்கலாம். ஒண்ணுன்னா ஓடியாந்து சொல்லிப்போடுவோம்."

அந்தச் சொல்லை நம்பி வண்டி கட்டினோம். எல்லைச் சாவடியில் சேவகன் ஒருவன், கஞ்சா தேடுகிறேன் என்று என் உப்புப் பானையைத் தரையில் கவிழ்த்தான். புது வீட்டுக்குள் முதலில் போகவேண்டிய உப்பு. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அவன் கொட்டியது உப்பை மட்டும்தான்.

கூழ் குடித்துவிட்டு அவர் போன அன்று, மில்லில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. வாசலில் நின்றிருந்தேன். பக்கத்து வீட்டுப் பூவாத்தாள் எப்போதும்போலக் கிண்டல் செய்தாள்.

"சங்கு நிக்கறதுக்குள்ள ஓடியாந்துருவாரு பாரு. சோத்துக்கா, உனக்கா?"

"உனக்கு ஏனுக்கா வவுத்தெரிச்சல்?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே திரும்பினேன்.

அவர் மணையில் உட்கார்ந்திருந்தார்.

என்னைத் தாண்டி யாரும் உள்ளே போகவில்லை. அந்த வீட்டுக்குப் பின்கதவு கிடையாது...

தினமும் புருவமெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். அன்று ஓர் இழைகூட இல்லை. வலது கை துண்டுக்குள் இருந்தது. வட்டலில் சோளச்சோறு போட்டு, ஓரத்தில் உப்பு வைத்தேன்.

"உப்பு வேண்டாம்."

இடது கையால் பிசைந்தார்.

"ஏனுங்க, பீச்சாங்கையிலயா உங்கறது?"

பிசைந்தார்... பிசைந்துகொண்டே இருந்தார். சோறு குறையவில்லை.

"சங்கு ஊதிருச்சா?"

"இப்பத்தானுங்களே ஊதுச்சு."

"எனக்குக் கேக்கலியே..."

தண்ணீர் மொள்ளத் திரும்பினேன். சொம்போடு நிமிர்ந்தேன்.

மணை காலி.

வாசலில் பூவாத்தாள். இப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஆருகூடப் பேசறே? மில் கேட்டே இன்னும் தொறக்கலியே."

ஓடினேன். காவல்காரன் கேட்டுக்கு உள்ளேயிருந்தே, "இன்னைக்கு வேலை சாஸ்தி. பொழுதோட வருவாங்க, போ" என்று விரட்டினான்.

சாயங்காலச் சங்கு ஊதி ஓய்ந்த பிறகு மேஸ்திரி வந்தார்.

"மிசினச் சுத்தற பட்டையில கை மாட்டிக்கிச்சு அம்மணி. ஆளு இல்லே..."

"எப்போ?"

"காத்தால. மிசினு ஓட்டின கொஞ்ச நேரத்துல."

"கூப்பிடு தூரமுன்னு சொன்னீங்களே. ஏனுங்க கூப்பிடலே?"

"தெரிஞ்சா ஆளுக வேலையப் போட்டுட்டு வெளிய வந்துருவாங்கன்னு கேட்டப் பூட்டிப்போட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

அவர் சட்டையைப் பிடித்தேன். நாலு பேர் சேர்ந்து என் கையை விலக்கினார்கள். காலையில் அந்தக் கேட்டைத் திறக்க ஒருவரும் வரவில்லை.

பஞ்சுக் குடோனில் சாக்கைப் போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். பகல் முழுக்க அப்படியே கிடந்திருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் மிசின்கள் ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன.

நானே சாக்கை விலக்கினேன்.

வலது கை தோளோடு இல்லை.

இடது கை விரல்களில் சோளச்சோறு காய்ந்து ஒட்டியிருந்தது...

அன்று அவர் போகும்போது குடித்தது கம்மங்கூழ் மட்டும்தான்.

வீட்டில் பேய் வந்துபோயிருக்கிறது, கழித்துவிடு என்றார்கள். பசியோடு வந்தவரைப் பேய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சொல்லை வேறு சிலருக்காக வைத்திருக்கிறேன்.

அந்த மில் சங்கு இன்றும் பன்னிரண்டுக்கு ஊதுகிறது. ஒரு நாளும் தவறியதில்லை. அன்றும் தவறவில்லை.