மூன்றாவது கியரில் வெள்ளிமலை

கச்சிராயபாளையத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டும் கொளஞ்சியப்பன் அண்ணனின் கனவில் ஆள் யாரும் வரமாட்டார்கள். வெள்ளிமலைக்கு ஏறும் சாலை வரும், மேகம் வரும், அவருடைய பழைய காண்டெஸா கார் வரும். மூன்றாவது கியரை விட்டு இறங்காமல் அது வளைவுகளில் மிதந்துகொண்டே ஏறும். பாவம், அந்த நேரம் பார்த்துத்தான் சேவல் கூவும்.

நிஜத்தில் ஒரே ஒரு முறை ஏறினார். பாதி மலையில் கார் ஆவி கக்கி நின்றுவிட்டது. அவர் மனைவி அமிர்தம் அண்ணி கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வாடகை ஜீப்பில் பதினோராவது ஆளாக நசுங்கிப்போய் வெள்ளிமலைத் தாய்வீட்டில் இறங்கினார். "கார் வாங்கிட்டோம்னியே, எங்கக்கா?" என்றானாம் தம்பி பகலவன். அன்றிலிருந்து அண்ணிக்கு ஒரே ஆசை: அந்த வாசலில், அந்தக் காரின் முன்சீட்டிலிருந்து இறங்க வேண்டும். பகலவன் குழந்தைக்குக் காதுகுத்து ஞாயிற்றுக்கிழமை என்று தேதியும் வந்துவிட்டது.

கள்ளக்குறிச்சி மெக்கானிக் பிரவீன்குமார் எஞ்சினைப் பிரித்தார். ஹெட்டைச் சீவினார், கார்புரேட்டரில் பெரிய ஜெட் போட்டார், சைலன்சர் குழாயை அகலமாக்கினார். கார் சிங்கம்போல உறுமியது. ஆனால் மேட்டில் இன்னும் மூச்சு வாங்கியது.

"அண்ணே, இதுக்கு மேல எஞ்சின்ல ஒண்ணுமில்ல. வேணும்னா வெயிட்டக் கம்மி பண்ணிக்கோங்க" என்றார் சிரித்தபடி.

இதை வேறு யாரிடம் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். இருபது வருடம் ஆலை வாசலில் கரும்போடு எடைமேடை ஏறி இறங்கியவர் அண்ணன். நிலாவைக் காட்டினாலும் எத்தனை கிலோ என்பார். காரை எடைமேடையில் ஏற்றினார். ஸ்டெப்னியைக் கழற்றினார், எடை பார்த்தார். பின்சீட், பம்பர், தரைவிரிப்பு என்று ஒவ்வொன்றாகப் போயின.

ஞாயிறு விடியலில் தனியாக ஏறிப் பார்த்தார். மூன்றாவது கியர். வளைவு, மேகம், மறுபடி வளைவு. அழுகிறோமா சிரிக்கிறோமா என்று தெரியாமல் வீடு திரும்பினார்.

பட்டுப்புடவையில் அண்ணி கார் கதவைத் திறந்தார்.

"இன்னாய்யா இது? நா எங்க குந்தறது?"

முன்சீட் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"அது பதினெட்டு கிலோ அமிர்தம்... மூணாவதுலயே ஏறிச்சி தெரியுமா!"

"அப்ப என்னியும் கழட்டிப் போட்டுட்ட."

அண்ணன் மாட்டுக்கொட்டகைக்கு நடந்தார். அங்கே கழற்றிப் போட்டிருந்த சீட்டில் அடைகாத்த கோழியைக் கும்பிடாத குறையாக எழுப்பிக் கூடைக்கு மாற்றினார். போல்ட்டுகளை முறுக்கும்போது விரல் கீறியது. அண்ணி ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார்.

ஏழாவது வளைவில் எஞ்சின் திணறியது. அண்ணன் இரண்டாவதுக்கு இறக்கினார், அப்புறம் முதலாவதுக்கு. ஜன்னல் வழியே மேகம் உள்ளே வந்து பட்டுப்புடவையில் உட்கார்ந்தது.

"இப்டியே மெதுவா போய்க்கினு இரு" என்றார் அண்ணி, கையை வெளியே நீட்டி நனைத்துக்கொண்டு.

தாய்வீட்டு வாசலில் கார் நின்றது. அண்ணன் சாவியைத் திருகப்போனார்.

"நிறுத்தாத. இன்னும் ஒருத்தரும் வரல. ஆக்ஸிலேட்டர நல்லா ஒரு அமுக்கு அமுக்கு."

அமுக்கினார். வெள்ளிமலையே அதிர்ந்தது. பந்தலில் இருந்த அத்தனை பேரும் ஓடிவந்து நின்ற பிறகுதான் அமிர்தம் அண்ணி புடவையை நீவிக்கொண்டு, ஒரு காலை மெதுவாகக் கீழே வைத்தார்.