தலைகீழாய்ப் பிடித்த ஜுசு

கண் போய்க்கொண்டிருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. வில்லியனூரில் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பது என் வேலை. உஸ்தாபி என்றுதான் கூப்பிடுவார்கள். கணவர் மவுத்தாகி நான் தனியான பிறகு பதினெட்டு வருஷமாக என் வீட்டுக் கூடத்தில் ஓதிக்கொடுத்துவந்தேன். பிரெஞ்சுக்காரர் தேசத்தில் சண்டை தொடங்கிய வருஷம், ரஜபு மாதத்தில், எழுத்தெல்லாம் புகை மூடினாற்போல் மறைந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரி டாக்டர் விளக்கைக் காட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்.

அழுதேன். கண்ணுக்காக மட்டுமல்ல. பெண்பிள்ளைகள் ஓதுவதையே பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி அரைமனதாகத்தான் விட்டுவைத்திருந்தார். "ஓர் எழுத்து பிசகினாலும் அன்னைக்கே நிறுத்திடுவேன்" என்று முன்பே சொல்லியிருந்தார். எனக்குப் பின்னால் ஓதிக்கொடுக்க ஊரில் வேறு பெண் இல்லை. அதனால் மறைத்தேன். பிள்ளைகள் பாடம் ஒப்பிக்கும். நான் காதால் கேட்டுத் திருத்துவேன். ஐந்து வேளையும் 'யா அல்லாஹ், பார்வையைத் திருப்பிக் கொடு' என்றே கையேந்தினேன்.

அடுத்த மாதம் ஷஃபானில் முத்தவல்லியின் தாயார் மவுத்தானார். மூன்றாம் நாள் அவர் வீட்டில் பெண்கள் கூடிக் கத்தம் ஓதினோம். நம் வழக்கம் தெரியுமே, குர்ஆனின் முப்பது பாகமும் முப்பது தனி ஜுசுவாக இருக்கும். ஆளுக்கொன்றாக ஓதி முடிப்போம். என் கையிலும் ஒன்றை வைத்தார்கள். எதுவென்று தெரியவில்லை. உதட்டை மட்டும் அசைத்துச் சமாளிக்கலாம் என்று விரித்தேன். என் புத்தியைப் பாருங்கள்!

பக்கத்தில் என்னிடம் ஓதும் ஜுலைகா. ஏழு வயசு, வாய் நிற்காது.

"இன்னா உஸ்தாபி, தலகீழா புடிச்சிருக்கீங்க!" என்று சிரித்தாள்.

ஆண்கள் உட்கார்ந்திருந்த திரைக்கு அந்தப் பக்கம் முத்தவல்லி செருமுவது கேட்டது. 'ரப்பே, என் மானம் போகட்டும். இந்தப் பிள்ளைகளின் ஓதலைக் காப்பாற்று' என்று மனசுக்குள் கதறினேன். பிறகு வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"எனக்குக் கண்ணு தெரியலம்மா. இது எத்தனாவது ஜுசு?"

"பதினாறு, உஸ்தாபி." அவள் சிரிப்பு போய்விட்டது.

ஜுசுவை மூடி மடியில் வைத்தேன். பிஸ்மி சொன்னேன். முதல் ஆயத் தானாக நாக்கில் வந்தது. அதன் பின்னாலேயே அடுத்தது வந்தது. சுப்ஹானல்லாஹ்! நான் மனப்பாடம் செய்ய உட்கார்ந்ததே இல்லை. மர்யம் சூராவில் அழுகை முட்டியது, ஓதல் நிற்கவில்லை. ஜுசு முடிந்தபோதுதான் மற்றவர்கள் ஓதாமல் என்னையே கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது.

முத்தவல்லி திரைக்கு அப்பால் குர்ஆனை விரித்து, விரல் வைத்துத் தொடர்ந்திருக்கிறார்.

"இனிமே பிள்ளைங்க உங்க வூட்ல ஓத வேணாம்" என்றார்.

எழுந்துபோக நினைத்து ஜுசுவை ஜுலைகாவிடம் நீட்டினேன்.

"பள்ளிவாசல்ல ஓதட்டும். ஓர் எழுத்துகூடப் பிசகலம்மா." என்றார்.

அந்த ரமலானில் பள்ளிவாசலின் பக்கத்து அறையில் திரை கட்டினார்கள். இரவில் தராவீஹ் தொழ நாங்கள் பெண்கள் முதன்முதலாக அங்கே நின்றோம். பகலில் அதே அறையில் பிள்ளைகள் ஓதுகிறார்கள்.

பார்வை திரும்பவில்லை. சகோதரிகளே, கேட்டது கிடைக்கவில்லையே என்று மனம் உடைந்துவிடாதீர்கள். உங்கள் பெண்பிள்ளைகளை ஓத அனுப்புங்கள். நான் கையேந்துவதற்குப் பதினெட்டு வருஷம் முன்பிருந்தே, அந்தப் பிள்ளைகளின் வாய்வழியாக, அல்லாஹ் குர்ஆனை எனக்குக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறான்.