அவருக்கென்று செய்த பெட்டி

என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மஞ்சள் காமாலையில் இறந்தார். எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. திருவண்ணாமலையில் நான் நர்ஸாக வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டின் கடைசிக் கட்டிலில் அவர் உயிர் போயிற்று. எத்தனையோ பேருடைய உடம்பைத் துடைத்து, தாடையைக் கட்டி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்து முடிந்த கை என்னுடையது. அன்று அந்த முடிச்சு விழவே இல்லை. வார்டு ஆயாதான் முடிந்தாள்.

அவர் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். டவுனில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போடும் வேலை. நான் கிறிஸ்தவப் பெண். எங்கள் கல்யாணம் ரிஜிஸ்தர் ஆபீசில் நடந்தது. அவர் ஞானஸ்நானம் எடுக்காதவர் என்பதால் கோயிலில் நடத்த முடியாது என்றார்கள். ஆனாலும் எட்டு வருடமாக ஞாயிறு தவறாமல் என்னோடு கோயிலுக்கு வந்தார். ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்காருவார். நற்கருணைக்கு எல்லோரும் எழுந்து முன்னால் போகும்போது அவர் மட்டும் தன் கைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஏன் ஞானஸ்நானம் எடுக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு அவர் ஒரே பதில்தான் சொன்னார். அம்மா இருக்கிற வரைக்கும் எடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்து நாலைந்து நாள் போனபின் அவராகவே அந்தப் பேச்சை எடுத்தார். கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சளாகியிருந்தது.

"எங்கம்மாவ வரச் சொல்லு. அவங்ககிட்ட சொல்லிட்டு எடுத்துக்கறேன். சொல்லாம எடுத்துக்கினா நல்லாருக்காது" என்றார். பிறகு, "ஏதாவது ஆயிடுச்சின்னா உங்க தோட்டத்துல வெச்சிடு. நீயும் பின்னால அங்கதானே வருவ" என்றார்.

கல்லறைத் தோட்டத்தைத்தான் அப்படிச் சொன்னார். நான் கடிந்துகொண்டேன். ஊருக்குச் சொல்லி அனுப்பினேன். மாமியாரும் அவருடைய அண்ணனும் சனிக்கிழமை மத்தியானம் வந்தபோது அவருக்கு நினைவு தப்பியிருந்தது. மாமியார் மகனுடைய பாதத்தைத் தடவிக்கொண்டே சின்ன வயதில் கூப்பிட்ட பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பொழுது சாய்ந்ததும் அண்ணன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். சொல்ல வேண்டியது சொல்லப்படாமலே நின்றது.

எனக்கு அப்பா அம்மா இல்லை. ஒரே தம்பி வடக்கே ரயில்வேயில் இருந்தான். தந்தி கொடுத்தாலும் அவன் வந்து சேர நாளாகும். எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. அதனால் அடக்கத்துக்கு ஏற்பாடு செய்ய என்னைத் தவிர ஆள் கிடையாது. அவர் ஊருக்குச் செய்தி சொல்ல ஆள் அனுப்பிவிட்டு, வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம். கல்யாணத்தன்று போட்ட வெள்ளைச் சட்டை. அவர் சவரம் பண்ணும்போது ராகம் தப்பி முணுமுணுக்கும் பாட்டு ஒன்று, எனக்குப் பிடித்த பாட்டு ஒன்று. இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்த வரைக்கும் அழுகை வரவில்லை. யாரோ ஒருவருக்காகச் செய்வதுபோல இருந்தது.

போதகர் காலை ஆராதனைக்கு முன்னாலேயே வந்துவிட்டார். நல்ல மனிதர். என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்தார். தோட்டத்தில் இடம் வேண்டும் என்று கேட்டதும் அவர் முகம் மாறியது. உன் கணவர் ஞானஸ்நானம் பெறாதவர், நான் தனியாக முடிவு செய்ய முடியாது, ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அம்மாவிடம் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்வதாக இருந்தார் என்று சொன்னேன்.

"எனக்குப் புரியுதும்மா. ஆனா அத எங்கிட்ட அவர் சொல்லலியே" என்றார்.

அன்று ஆராதனைக்கு நான் உள்ளே போகவில்லை. கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வந்து, செய்தி கேட்டு, என்னைச் சூழ்ந்து நின்றார்கள். கமிட்டிக்காரர்கள் பக்கத்து அறையில் கூடினார்கள். மூடிய கதவுக்குப் பின்னால் குரல்கள் ஏறி இறங்குவது கேட்டது. வெகுநேரம் கழித்துப் போதகர் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். தோட்டத்தில் பின்பக்கச் சுவரோரமாக இடம் தருவார்கள். உடலைக் கோயிலுக்குள் கொண்டுவர வேண்டாம். மணி அடிக்க மாட்டார்கள். வீட்டில் ஒரு ஜெபம், குழியண்டை ஒரு ஜெபம்.

அந்தச் சுவரோரம் யாருக்கான இடம் என்று எனக்குத் தெரியும். ஞானஸ்நானம் ஆகுமுன் செத்துப்போன கைக்குழந்தைகளையும் தூக்குப் போட்டுக்கொண்டவர்களையும் அங்கேதான் புதைப்பார்கள். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். சுவரோரமானால் என்ன, தோட்டம் தோட்டம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து நேரே தச்சரிடம் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவர் பட்டறை. கதவு, ஜன்னல் செய்கிறவர். எங்கள் ஜனங்களில் யாராவது இறந்தால் பெட்டியும் செய்து தருவார். ஆள் என்ன உயரம் என்று கேட்டார். எத்தனை அடி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எட்டு வருடம் பக்கத்தில் நின்றவரின் உயரத்தை அளந்தா வைத்திருப்பார்கள்? என் தலைக்கு மேலே கையைத் தூக்கி, அவர் தலை எட்டுகிற இடத்தைக் காட்டி, "இவ்ளோ இருப்பாரு" என்றேன். தச்சர் என் உள்ளங்கையிலிருந்து தரை வரைக்கும் டேப் பிடித்து அளந்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கையை இறக்காமல் அப்படியே நின்று அழுதேன்.

மத்தியானத்துக்குள் உடல் வீட்டுக்கு வந்தது. பெட்டியும் வந்தது. வெளிப்பக்கம் கறுப்புத் துணி, மூடியில் வெள்ளை ரிப்பனில் சிலுவை. தோட்டத்தில் குழி வெட்டப் போனவர்கள் அடியில் பாறை தட்டுகிறது, கடப்பாரை போட்டு இடிக்கிறோம், நேரமாகும் என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் டிராக்டர் வந்து தெருவில் நின்றது. டிரெய்லரில் வைக்கோல் பரப்பியிருந்தது. மாமியாரும் அண்ணனும் ஊர்க்காரர்கள் சிலரும் இறங்கினார்கள்.

அண்ணன் வாசலில் நின்று பெட்டியைப் பார்த்தார். உள்ளே வரவில்லை. என்னை வெளியே கூப்பிட்டுப் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை. தம்பியை ஊருக்குக் கொண்டு போகிறோம், எரிப்பதுதான் எங்கள் வழக்கம், பிள்ளை இல்லாதவனுக்கு நான்தான் கொள்ளி வைக்க வேண்டும் என்றார். தோட்டத்தில் வைக்கச் சொன்னது அவர்தான் என்று சொன்னேன்.

"நீ சொல்றம்மா. அவன் வாயால நாங்க கேக்கலியே" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அந்தத் தோட்டத்துல யார் யாரோ இருக்காங்க. அங்க போட்டா ஊர்ல நான் எப்படித் தல காட்டறது?" என்றார்.

யார் யாரோ என்று அவர் யாரைச் சொன்னார் என்று கூட்டத்தில் எல்லோருக்கும் புரிந்தது. என் அப்பாவும் அம்மாவும் அங்கேதான் இருந்தார்கள். வீட்டு ஜெபத்துக்கு வந்திருந்த போதகர் குறுக்கிட்டு, என் கணவரின் விருப்பத்தைக் கேட்டவர்கள் வேறு யாராவது உண்டா என்று என்னைக் கேட்டார். யாரும் இல்லை. அவர் பேசியபோது கட்டிலருகில் நான் மட்டும்தான் இருந்தேன். காலையில் போதகர் சொன்னதும் மத்தியானம் அண்ணன் சொன்னதும் ஒன்றேதான். என் கணவர் சொன்னது என் ஒருத்தி காதோடு போயிற்று.

அப்போதும் நான் விடுவதாக இல்லை. உடலுக்கும் வாசலுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். மாமியார் அதுவரை மகன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். மெதுவாக எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"உங்க சாமி அவன மறுபடி எழுப்பும்னு அவனே எங்கிட்ட சொல்லியிருக்கான். உனக்கு அவன் திரும்ப வருவாம்மா. எங்களுக்கு இதோட முடிஞ்சிது. எங்கிட்ட குடுத்துடு."

எனக்கும் இதோடு முடிந்துவிட்டது அத்தை என்று சொல்ல வாய் வரை வந்தது. போதகரும் சபையாரும் நின்றிருந்த இடத்தில் அதை எப்படிச் சொல்வது? காலையிலிருந்தே எனக்குள் அந்த நம்பிக்கை இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை. இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறதென்று நம்பி அந்த அம்மாள் கேட்கிறார். நான் நகர்ந்து வழிவிட்டேன்.

டிரெய்லரில் வைக்கோல்மேல் அவரைக் கிடத்தினார்கள். நானும் ஏறிக்கொண்டேன். ஊர் போய்ச் சேரும் வரை மாமியார் என் மணிக்கட்டை விடவில்லை. நான் விழுந்துவிடக் கூடாது என்றா, இறங்கி ஓடிவிடக் கூடாது என்றா, எனக்குத் தெரியவில்லை. ஊரில் மேளம் தயாராக இருந்தது. குளிப்பாட்டினார்கள், நெற்றியில் விபூதி பூசினார்கள், பூப்போட்டார்கள். எனக்குத் தெரியாத முகமாக ஆகிவிட்டிருந்தார். தூக்கிக்கொண்டு போனபோது நானும் பின்னால் நடந்தேன். தெருக்கோடியில் பெண்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை. அண்ணன் திரும்பி வந்து, "பொம்பளைங்க அங்க வர்ற வழக்கம் இல்லம்மா" என்றார். எங்கள் பக்கம் பெண்கள் குழி வரைக்கும் போவோம். பெற்றவளும் கட்டியவளும்தான் முதலில் மண் போடுவார்கள். அதைச் சொல்லிப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். மல்லாட்டைக் கொல்லைகளைத் தாண்டி மேளச் சத்தம் போயிற்று. பிறகு அதுவும் நின்றது. பெண்கள் என்னைக் கூட்டிப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள்.

மறுநாள் பால் ஊற்றி, எலும்பு பொறுக்கி, ஆற்றில் கரைக்க ஆண்கள் மட்டும் போய் வந்தார்கள். எந்தத் துறையில் கரைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

வீட்டுக்குத் திரும்பினால் முன்னறையில் பெட்டி அப்படியே இருந்தது. அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. தச்சர் திருப்பி எடுக்கத் தயங்கினார். செய்து கொடுத்த பெட்டி பட்டறைக்குத் திரும்பி வரக் கூடாதாம். வீட்டை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த அம்மாள் தினமும் எட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவார். எனக்கென்னவோ அது உறுத்தவில்லை. அவருடைய அளவு என்று என்னிடம் மிஞ்சியது அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் எங்கள் ஆஸ்பத்திரியில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வுபெற்ற கிழவர் ஒருவர் இறந்தார். வீட்டில் ஒன்றுமில்லாதவர். போதகர் வந்து வாசலில் நின்றுகொண்டு பேச்சைத் தொடங்க முடியாமல் தவித்தார். புரிந்துகொண்டு, "எடுத்துக்கினு போங்கய்யா" என்றேன்.

அந்த அடக்கத்துக்கு நானும் போனேன். பெட்டி கிழவருக்கு நீளமாக இருந்ததால் கால்மாட்டில் வைக்கோல் அடைத்திருந்தார்கள். அவர் சபை அங்கத்தினர். கோயிலுக்குள் வைத்து ஆராதனை நடந்தது, மணி அடித்தார்கள். என் கணவருக்கென்று வெட்டிய குழியைச் சுவரோரமாக மூடியிருந்தார்கள். பாறைத் துண்டுகள் மேலேயே கிடந்தன. பெட்டி கயிற்றில் இறங்கியபோது நானும் ஒரு கைப்பிடி மண் போட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் நான் அந்தக் கிழவருக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

பிறகு போதகரிடம் ஒரு ஞாபகக் கூட்டமாவது வேண்டும் என்று கேட்டேன். வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டார். மறுபடி ஏற்பாடு செய்தேன். பாய் இரவல் வாங்கினேன். என் கணவர் தனியாக எடுத்துக்கொண்ட படம் இல்லாததால் நாங்கள் இருவரும் நிற்கிற ஸ்டுடியோ படத்தையே மேஜையில் வைத்தேன். உயிரோடு இருக்கிற என் படத்துக்கும் சேர்த்து மாலை போட வேண்டாம் என்று யாரோ சொன்னார்கள். பூவைத் தட்டில் வைத்தேன்.

கூட்டத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர். போதகர் அன்பாகத்தான் பேசினார். ஆனால் முழுக்க "நம்முடைய சகோதரியின் கணவர்" என்றே சொன்னார். சபையில் யார் இறந்தாலும் சகோதரர் என்றுதான் சொல்வது வழக்கம். ஒரு தடவையாவது அந்த வார்த்தை வரும் என்று கடைசி ஜெபம் வரைக்கும் காத்திருந்தேன். வரவில்லை. என் கணவர் முணுமுணுக்கிற பாட்டைப் பாடினோம். எல்லோரும் சரியான ராகத்தில் பாடியது எனக்கு அந்நியமாக இருந்தது.

பாட்டு முடியும்போதுதான் வாசலில் மாமியாரைக் கவனித்தேன். தனியாக பஸ் ஏறி வந்திருந்தார். யார் சொன்னார்களோ தெரியாது. மற்றவர்கள் போன பிறகு காபி கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமல் இருந்தார்.

"அவ்ளோ நேரம் பேசினாரே அந்த ஐயரு. எம்புள்ள இப்ப எங்க இருக்கான்னு சொன்னாரு?" போதகரைத்தான் ஐயர் என்றார்.

"அத மட்டும் சொல்லல அத்த" என்றேன்.

"உனக்காவது தெரியுமா?"

தெரியாது என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைசி பஸ்ஸுக்கு முன்னால் அவரைக் கொண்டுபோய் ஏற்றிவிட்டேன். அப்புறம் அவர் டவுனுக்கு வரவில்லை. மூன்று நான்கு வருடம் கழித்து அவர் போன செய்தி வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

எண்பதுகளில் வேலூருக்கு வேலை மாற்றிக்கொண்டு போகும் வரை அந்த ஊரில்தான் இருந்தேன். ஈஸ்டர் அன்று விடியலில் சபையார் மெழுகுவர்த்தியோடு தோட்டத்துக்குப் போய் அவரவர் கல்லறையில் ஏற்றி வைப்பார்கள். முதல் வருடம் நானும் போனேன். அப்பா அம்மா கல்லறையில் ஏற்றிய பிறகு கையில் ஒன்று மிச்சம் இருந்தது. சுவரோரம் போய் அந்த மூடிய குழிக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே யாரும் இல்லாத மண்ணில் எதற்கு என்று தோன்றியது. ஏற்றாமலே திரும்பிவிட்டேன். அடுத்த ஈஸ்டருக்கு டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டேன்.