கீழே போடாத நூல்

இன்று எங்கள் பட்டுக்கடையில் டீம் டிரெய்னிங். வட்டமாக நின்று, நூலைப் பிடித்தபடியே நூற்கண்டை அடுத்தவருக்கு வீச வேண்டும்.

பத்தே நிமிடத்தில் எங்களுக்கு நடுவே ஒரு வலை. ஃபேன் காற்றில் அது மெல்ல அசைய, எல்லாரும் தண்ணீரில் மிதப்பதுபோல் இருந்தது.

"சூப்பர்! நூலைக் கீழ போட்டுட்டு டீ குடிக்கலாம்" என்றார் டிரெய்னர்.

ஒருவரும் போடவில்லை. தறி வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நூலைச் சிக்கலாக விட்டுப்போகக் கை வராது. உட்கார்ந்து பிரிக்கத் தொடங்கிவிட்டோம்.

கடைசி முடிச்சு எனக்கும் செல்விக்கும் நடுவில். மூன்று மாதமாக என்னோடு பேசாதவள்.

"இழுக்காதமா, அறுந்துடப் போவுது. நான் பிரிச்சிக்கினு இருக்கேன் இல்ல?" என்றாள்.

டீ ஆறிப்போயிருந்தது. இருவரும் குடித்தோம்.

மாலையில் ஒரு படிவம் தந்தார்கள்: 'பயிற்சியில் என்ன கற்றீர்கள்?'

டீ இடைவேளையில் கற்றதை எழுதலாமா, சொல்லுங்கள்.