நெல் காய்ந்த பாதி ரோடு

செம்மொழி என்று ஆசையாகப் பெயர் வைத்த அப்பா, அவள் ஆட்டோ ஓட்டும்போது பேசுவதைக் கேட்டிருந்தால் வேறு பெயர் யோசித்திருப்பார். பூதலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகிற வண்டி அவளுடையது. வாய் நீளம்தான், ஆனால் ஒருநாளும் தாமதமானதில்லை. அந்த நல்ல பேரில்தான் வீட்டில் உலை கொதித்தது.

தை பிறந்ததிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. திடீரென்று கண்ணோரத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி வரும். கருக்கரிவாளின் பல்லைப் போலக் கோணல்மாணலாக மினுமினுத்துப் பெருகும். அது போகிற இடத்தில் இருப்பதெல்லாம் காணாமல் போகும். எதிரே வருகிறவருக்குப் பாதி முகம்தான் இருக்கும். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், மறு கண்ணையும் மூடிப் பார்த்தாள், அது போகவில்லை. அரை மணியில் தானாக மறையும், பிறகு ஒரு பக்கத் தலை இடிக்கும். சர்க்கரையில் பார்வை போன அப்பாவைப் போலத் தனக்கும் ஆகிவிடுமோ என்று பயந்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. கண் தெரியாதவள் வண்டியில் யார் பிள்ளையை ஏற்றுவார்கள்?

பயம் தாங்காமல் தஞ்சாவூர் டாக்டரிடம் போனாள். கண்ணில் கோளாறில்லை, ஒற்றைத் தலைவலிக்கு முன்னால் மூளை காட்டுகிற அறிகுறி இது, அதனால்தான் எந்தக் கண்ணை மூடினாலும் தெரிகிறது என்றார் அவர். முதல் மினுக்கிலேயே வண்டியை ஓரங்கட்டிவிட வேண்டும் என்றும் சொன்னார். ஓரங்கட்டினால் பள்ளிக்கூட மணி காத்திருக்குமா என்று திரும்புகிற வழியெல்லாம் அவளுக்கு அதே அரிப்பு.

அடுத்த வாரம், கால்வாய்க் கரை ரோட்டில் பாதியை அடைத்து நெல் காய்ந்தது. ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருந்தார்கள். மீதிப் பாதியில் போகும்போது புள்ளி வந்தது. பள்ளிக்கூடம் பக்கம்தான், போய்விடலாமென்று கை ஆக்ஸிலரேட்டரை முறுக்கியது. கற்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. மனசு கேட்காமல் பிரேக்கை மிதித்தாள்.

"ஏம்மா நின்னுட்ட?"

குரல் முகத்துக்கு நேராக வந்தது. நெல் கிளறுகிற தர்மாம்பாளின் குரல். சக்கரத்துக்கு இரண்டு முழம் முன்னால் நிற்கிறாள், ஆனால் அந்த இடத்தில் மினுமினுப்பு மட்டும்தான் இருந்தது.

"நீங்க நிக்கிறதே எனக்குத் தெரியலக்கா."

பின்னால் இருந்த பிள்ளைகளும் அதைக் கேட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் தெரிந்துவிடும். அவள் சாவியை உருவி, குரல் வந்த பக்கமாக நீட்டினாள்.

"அரை மணி கழிச்சுக் குடுங்க. நானே கேட்டாலும் அதுக்கு முன்னாடி குடுத்துடாதீங்க."