பின்னாலிருந்து வரும் கை

டான் ஷுய்கென் முப்பத்தொரு வருடம் லாரி ஓட்டினார். மலையிலிருந்து மரப்பட்டையும் வைக்கோலும் கொண்டுபோய்க் காகிதப் பட்டறைகளில் இறக்குவார். திரும்பும்போது, நாடே எழுதிப் பார்க்க ஏங்கும் அந்தக் காகிதத்தைக் கட்டுக்கட்டாக ஏற்றி வருவார். அதில் ஒரு தாளில்கூட அவர் கை மை பட்டதில்லை. ரசீதில் கையெழுத்துப் போடுவதோடு சரி, அதுவும் பால்பாயின்ட் பேனாவில். இப்படி அப்பாவியாக வாழ்ந்த மனிதரை ஐம்பத்தேழாவது வயதில் ஒரே ஒரு வாக்கியம் குப்புறக் கவிழ்த்தது.

மகள் யூச்சிங்கின் மாப்பிள்ளை வீட்டார் முதன்முறை சாப்பிட வந்த நாள் அது. மாப்பிள்ளையின் அப்பா சூ சோங்னியென் பழைய தெருவில் எழுத்துத் தூரிகைக் கடை வைத்திருப்பவர். வாசல் நிலையில் ஒட்டியிருந்த, புத்தாண்டு வாழ்த்து எழுதிய சிவப்புத் தாளை அண்ணாந்து பார்த்து, “நல்ல கை. யாரு எழுதினது?” என்று கேட்டார். சந்தையில் வாங்கிய தாள். ஆனால் ஷுய்கென் அப்போது மூன்றாவது கோப்பைச் சாராயத்தில் இருந்தார்.

“நம்ம கிறுக்கல்தான் சம்பந்தி. சும்மா பொழுது போகலன்னா...”

“அப்ப கல்யாணத்தன்னிக்கு மண்டபத்துல நீங்கதான் எழுதணும். எல்லார் முன்னாடியும்.”

விருந்தாளிகள் போனதும் மனைவி சுய்யிங் மீன் முள்ளைக் குப்பையில் கொட்டினாள். “எழுதுங்க, நல்லா எழுதுங்க. லாரி நம்பரைத் தவிர வேற என்ன எழுதத் தெரியும் உங்களுக்கு?”

எழுதத் தெரியாதது பாதி ஆபத்துதான். மீதிப் பாதி சோங்னியெனின் பழக்கத்தில் இருந்தது. யாராவது எழுதிக்கொண்டிருந்தால் பூனை மாதிரிப் பின்னால் வந்து, தூரிகையின் மேல்நுனியைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பார். வராவிட்டால் அது கை. உருவிக்கொண்டு வந்துவிட்டால் கையும் கையில்லை, ஆளும் ஆளில்லை. அவருடைய மூத்த பையனுக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பா அப்படித்தான் ஒரு நாள் உள்ளங்கை முழுக்க மையோடு நின்றார். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. அந்தப் பெண் இப்போது வேறு மாகாணத்தில் இருக்கிறாளாம்.

ஷுய்கென் தெருக்கோடிச் சங்கக் கட்டடத்தில் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தார். நியே டீச்சருக்கு முப்பது வயது. சூரியகாந்தி விதை கொறித்தபடியே கற்பிப்பாள். முதல் மாதம் மைக்கு அனுமதியில்லை. உட்காரத்தான் கற்றுக்கொடுத்தாள். பாதம் இரண்டும் தரையில் படிய வேண்டும், முதுகு வளையக் கூடாது, மார்புக்கும் மேசைக்கும் நடுவே ஒரு முஷ்டி இடைவெளி வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டியும் அழுத்த, நடுவிரல் கொக்கி போட, மோதிரவிரல் பின்னாலிருந்து தள்ள, சுண்டுவிரல் அதற்கு ஒத்தாசை. விரல் உறுதி, உள்ளங்கை காலி. அந்தக் காலியிடத்தில் ஒரு பச்சை முட்டையை வைப்பாள். ஷுய்கென் முதல் வாரமே நான்கு முட்டைகளைக் காலி செய்தார்.

“மாமா, அது ஸ்டியரிங் இல்ல. கழுத்த நெரிக்காதீங்க, அது உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?”

“டீச்சர், பின்னாலேருந்து யாராச்சும் இழுத்தா வரக்கூடாது. அப்படி ஒரு பிடி சொல்லிக்குடுங்க.”

“அப்படிப் பிடிச்சா இழுத்தாலும் வராது, எழுதினாலும் வராது. ரெண்டுல எது வேணும்?”

“ரெண்டும் வேணும்.”

“அப்ப கல்யாணத்தத் தள்ளிப் போடுங்க.”

தள்ளிப் போடவில்லை. மண்டபத்தில் சிவப்புத் தாள் விரித்தார்கள். நான்கு எழுத்து: நூறு, ஆண்டு, இனிது, கூடல். நூறாண்டு இனிதே கூடி வாழ்க என்று பொருள். இரண்டாம் மாதம் முழுக்க இந்த நான்கை மட்டுமே எழுதிப் பழகியிருந்தார். பாதம் படிந்தது, முதுகு நிமிர்ந்தது. விரலைத் தளர்த்தி ‘நூறு’ எழுதினார். அவருக்கே ஆச்சரியம். ‘ஆண்டு’ எழுதி முடித்தார்.

பின்னால் தோல்செருப்புச் சத்தம் கேட்டு, நின்றது.

பிடரியில் மூச்சுக்காற்று பட்டதும் முப்பத்தொரு வருட லாரி விரல்களில் ஏறிக்கொண்டது. இழுப்பு வந்தது. தூரிகை வரவில்லை. இன்னொரு இழுப்புக்கும் அசையவில்லை.

“இதுதான்யா கை!” என்று சோங்னியென் கத்தினார். மண்டபம் கைதட்டியது. ஆனால் அவர் நுனியை விடவில்லை, ஷுய்கென்னும் அடியை விடவில்லை.

அப்போதுதான் முன்வரிசையில் இருந்த சோங்னியெனின் அம்மா, எண்பத்தாறு வயது, மேசையைப் பார்த்து உரக்கப் படித்தாள். “நூறு... ஆண்டு.”

கைதட்டல் அறுந்தது. அந்த ஊரில் ‘நூறாண்டு’ என்று தனியாகச் சொன்னால் சாவுக்கு மரியாதையான பேர். ‘எனக்கு நூறாண்டு ஆனப்புறம் இந்த வீடு உனக்கு’ என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். அது இப்போது சிவப்புத் தாளில் கறுப்பு மையில், மேற்கொண்டு ஒரு எழுத்தும் இல்லாமல் பளபளத்தது.

“சோங்னியென், யாருக்குடா இது?” என்று கிழவி கேட்டாள்.

ஷுய்கென்னின் விரல்கள் மரத்திருந்தன. இந்தப் பிடியில் அடுத்த எழுத்து வராது. விட்டால் மானம் போகும், விடாவிட்டால் சாவு தாளிலேயே நிற்கும். மேடையில் யூச்சிங் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் விரல்களைத் திறந்தார். தூரிகை உருவிக்கொண்டு போயிற்று; உள்ளங்கை கறுப்பாகியது.

“மீதி ரெண்டு எழுத்து சம்பந்தி கையால வரட்டும்,” என்றார். “ரெண்டு வீடும் சேர்ந்து எழுதினாத்தானே விசேஷம்!”

ஆரவாரம் எழுந்தது. சோங்னியெனின் முகம் ஊறவைத்த வைக்கோல் நிறத்துக்கு வந்தது. உட்கார்ந்தார். தூரிகையைக் கரண்டி பிடிப்பதுபோல முஷ்டியில் பிடித்தார். நாற்பது வருடம் தூரிகை விற்றவர், ஊரார் கையிலிருந்து இழுத்தவர், ஒரு நாளும் எழுதியதில்லை என்பது அங்கே ஒரே ஒருவருக்குத்தான் புரிந்தது.

சோங்னியென் உதடு அசையாமல் கேட்டார். “எப்படிப் பிடிக்கறது?”

“கைக்குள்ள முட்டை இருக்கறதா நெனச்சுக்குங்க.”

“என்ன முட்டை?”

“கோழி முட்டை. முதல்ல நேரா உக்காருங்க, சம்பந்தி. எல்லாரும் பாக்கறாங்க.”

கல்யாணம் நடந்தது. தாளும் மண்டபச் சுவரில் ஏறியது. முதல் இரண்டு எழுத்தும் வாசலிலிருந்தே தெளிவாகத் தெரிந்தன. அடுத்த இரண்டை, கிட்டப் போய் நின்று ஊகிக்க வேண்டியிருந்தது. கிழவியை அதற்கு நேர் கீழே உட்கார வைத்திருந்தார்கள். சூப் வந்தபோது அவளுக்கு இருமல் ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு, சம்பந்தி வீட்டிலிருந்து போன் வந்தால் கிழவியின் இருமல் ஞாபகம் வரும், ஷுய்கென் உடனே எடுப்பதில்லை. மணி அடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.